தேன்பெட்டிகளைத் தேடிப்போன அண்ணாவுக்கு

என்றைக்கும் என் அன்புக்குரிய சிவா அண்ணா,

ஒஸ்லோவின் ரொம்மனிலிருந்து வதனி எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா என்றுதான் பேனை தொடங்கப் பார்க்கிறது. எத்தனையோ வருடமாகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கேட்ட கேள்வி. அவ்வளவு சுலபமாக விட்டுப்போகாது போலிருக்கிறது.

நீங்கள் போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. ஆட்டைத் திவசத்தை வீட்டிலேயே சின்னதாகச் செய்தோம். ஐயர் பிந்தி வந்தார். சோறு ஆறிப்போயிற்று. உங்கள் படத்துக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்த அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது கோடை விடுமுறைக் காலம். ஒஸ்லோவில் பாதிப் பேர் ஊரில் இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்களும் போய்விட்டார்கள், அவர்கள் பார்க்கிற முதியவர்களையும் சேர்த்து நானே பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, முதுகு கழுவி, வீங்கின கால்களுக்கு இறுக்கக் காலுறை போட்டுவிட்டு வந்தால், என் சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியவில்லை. ஆனால் இது உடம்புக் களைப்பு மட்டும் இல்லை, அண்ணா. சொல்ல வேண்டிய ஒரு சேதியைச் சொல்லாமல் வைத்திருந்த களைப்பு.

சேதி இதுதான். என் மகள் ஆரணிக்குப் பொலிஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் மருமகள் பொலிஸ்காரியாகப் போகிறாள்.

தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். வாசித்து முடித்ததும் நான் பார்த்தது அவளை அல்ல, அம்மாவின் அறைக் கதவை. சாத்தியிருந்தது.

"அம்மம்மாக்கு நீங்களே சொல்லுங்கோ அம்மா" என்றாள். ஓடி, நீந்தி, பாரம் தூக்கி எல்லாச் சோதனையும் கடந்த பெண், அந்த ஒரு கதவைத் தட்டப் பயந்தாள். "நான் சொன்னால் அவ அழுவா."

"அவ அழமாட்டா" என்றேன். "எழும்பிப் போவா."

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் அப்பாவை வீட்டு வாசலில் வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். யூனிபோம் போட்டவர்கள். மறுநாளிலிருந்து அம்மா ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். இங்கே இல்லை, அங்கே கேள் என்றார்கள். அங்கே போனால், இங்கே கேள் என்றார்கள். அப்பா திரும்பி வரவேயில்லை. அவரை எங்கே வைத்திருந்தார்கள் என்றுகூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து உங்களைக் கேட்டு வருவார்கள் என்ற பயத்தில், மீசை அரும்பாத வயதில் உங்களைப் பாரிசில் இருந்த பெரியப்பாவின் மகனிடம் அனுப்பிவைத்தார் அம்மா. நான் பிறகு கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்தேன். கொஞ்சக் காலத்தில் அம்மாவையும் கூப்பிட்டு எடுத்தேன். ஒரு பாயில் படுத்தெழும்பிய நாங்கள் இரண்டு நாட்டுப் பிள்ளைகளாகிப் போனோம்.

நீங்கள் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினீர்கள், படித்தீர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தீர்கள். பிறகு ஒருநாள் போனில் சொன்னீர்கள், பிரான்சின் கிராமப்புறங்களைப் பார்க்கிற பொலிஸில் சேர்ந்துவிட்டேன் என்று. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா என்ன செய்தார் என்று நீங்கள் கேட்டபோது, வெளியில் நிற்கிறார் என்று சொன்னேன் அல்லவா? அவர் எழும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.

அன்று பின்னேரம் எனக்கு மட்டும் சொன்னார். "அவன் என்ரை பிள்ளை. வந்தால் சோறு போடுவன். அந்த உடுப்போடை மட்டும் என்ரை கண்ணுக்கு முன்னாலை வரவேண்டாம் எண்டு சொல்லு."

அந்த உடுப்போடு நீங்கள் ஒருநாளும் வரவில்லை. கோடையில் காற்சட்டையும் ரீசேட்டுமாக வந்தீர்கள். மோர்டென்ஸ்ருட்டில் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அரசாங்க வேலை என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா உங்கள் தட்டத்தில் மீன் பொரியலைக் கூட்டிக் கூட்டி வைத்தார். வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

எனக்குத்தான் எல்லாம் சொன்னீர்கள். உங்களை வேலைக்கு விட்ட ஊர், வல்மொரே என்ற அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கவே எனக்குக் கன காலம் எடுத்தது. ஒரு மலைச்சரிவு, திராட்சைத் தோட்டங்கள், மாடுகள், ஒரு பாண்கடை, ஒரு தேவாலயம். அங்கே என்ன குற்றம் நடக்கப்போகிறது என்று கேட்டேன்.

"மனிசர் இருக்கிற இடம் தானே, வதனி."

ட்ரக்டர்களிலிருந்து விலையான கருவிகளைக் கழற்றிக்கொண்டு போகிற கூட்டம் ஒரு கிழமை. மறுகிழமை, காணியின் எல்லைக்கல்லை ஆளுக்கு ஆள் நகர்த்துகிற தமையனும் தம்பியும். அவர்கள் பேச்சை விட்டுப் பத்து வருடமாம். நீங்கள் இரண்டு வீட்டுக்கும் போய் இருந்து, இரண்டு வீட்டிலும் சூப் குடித்தீர்கள். "ரெண்டும் ஒரே சூப்படி. தாய் வைச்ச மாதிரியே ரெண்டு பேரும் வைக்கிறாங்கள். அதைத்தான் சொன்னனான். தம்பிக்காரன் அழுதிட்டான்." அடுத்த நாள் அவனே கல்லைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தானாம்.

எப்படி அண்ணா எல்லாரும் உங்களிடம் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளை போய் இருக்க வேணும். தாறதைக் குடிக்க வேணும். பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேணும். சனம் தானாக் கதைக்கும்" என்றீர்கள்.

ஆனால் முதலில் உங்களை வீட்டுக்குள் விட ஆளிருக்கவில்லை. நீங்கள் அந்த ஊருக்குப் போன புதிதில், பொலிஸ் உடுப்புப் போட்ட ஒரு கறுத்த ஆள் சந்தேகப்படும்படி திரிகிறான் என்று நிலையத்துக்கே யாரோ போன் அடித்தார்கள். அந்தப் போனை எடுத்ததே நீங்கள்தான். "சரி மதாம், கவனிக்கிறம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது கதவைத் திறந்த ஒரே ஆள் ழெரார். அந்த ஊரில் தலைமுறையாகத் தேனீ வளர்த்த குடும்பம். பொலிஸ் குடியிருப்பைத் திருத்திக்கொண்டிருந்ததால் தங்க இடமில்லாமல் நின்ற உங்களைத் தன் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பச்சை ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்றைத் தரையில் போட்டுத் தந்தார். இஸ்திரிப்பெட்டி பட்டு ஒரு மூலை கருகிய மெத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி முயல் கறி சமைத்தார். நீங்கள் மிளகாய்த்தூள் கொண்டுபோய் அதற்குள் போட்டு அவர்களை இரும வைத்தீர்கள். குடியிருப்புத் திருத்தி முடிந்த பிறகும் ஞாயிறு என்றால் நீங்கள் ழெரார் வீட்டில்தான். "எனக்கும் ஒரு ஊர் கிடைச்சிருக்கு" என்று ஒருமுறை சொன்னீர்கள். அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன்.

பிறகுதான் அந்தத் தேன்பெட்டிக் களவு.

மதாம் லூசி சரிவில் தனியாக இருந்த விதவை. புருசன் போன பிறகு அவருக்கு மிஞ்சியது தேன்பெட்டிகள்தான். திராட்சை வெட்டுகிற காலத்தில் ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி மிச்சமில்லை. புல்லில் பெட்டி இருந்த அடையாளம் மட்டும் சதுரம் சதுரமாக மஞ்சளாகக் கிடந்தது என்றீர்கள். லூசி அழவில்லையாம். அந்தச் சதுரங்களுக்கு நடுவில் நின்று, வெளியில் தங்கிப்போய்த் திரும்பி வந்த சில தேனீக்களைக் காட்டி, "இதுகள் இனி எங்கை போகும்?" என்று உங்களைக் கேட்டாராம்.

ஊர் உடனே ஆற்றங்கரையைக் கைகாட்டியது. அங்கே திராட்சை வெட்ட வந்த வெளிநாட்டுக்காரர் வண்டிகளில் தங்கியிருந்தார்கள். அவர்களின் வெள்ளை வானை லூசி வீட்டு வழியில் கண்டதாக ழெராரே சொன்னார். அந்த வான் ஹசன் என்ற மொரொக்கோக்காரனுடையது. உங்கள் மேலதிகாரி அவனைக் கொண்டுவந்து நிலையத்தில் இருத்திவிட்டார்.

நீங்கள் திரும்பவும் தனியாக லூசியின் சரிவுக்குப் போனீர்கள். தேன்பெட்டியை நகர்த்துகிறவர்கள் தேனீ வெளியே வராமல் வாசலை அடைப்பார்களாம். அடைத்த துண்டு ஒன்று புல்லில் விழுந்து கிடந்தது. பச்சை ஸ்பொஞ்ச். ஒரு விளிம்பு கருகியிருந்தது.

அன்று சனிக்கிழமை இல்லை. இருந்தும் போன் அடித்தீர்கள். நான் குசினியில் நின்றேன், அம்மா மேசையில் நெத்தலி துப்புரவு செய்துகொண்டிருந்தார். உங்கள் குரல் எனக்குப் பிடிபடவில்லை.

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ? ஸ்பீக்கரிலை போடு."

போட்டேன்.

"அம்மா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். வேலை விசயம்."

அம்மாவின் கை நின்றது. எழும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தீர்கள். "ஒருத்தனைப் பிடிச்சு வைச்சிருக்கினம் அம்மா. அவன் எடுக்கேல்லை. எடுத்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும். அவன்ரை வீட்டிலை நான் படுத்தனான், சாப்பிட்டனான். ஊர் முழுக்க அவன்ரை பக்கம். நான் பேசாமல் விட்டால் இந்த ஏழையிலை போட்டு முடிச்சிடுவினம்."

அம்மா நெத்தலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிடிச்சு வைச்சிருக்கிறவனுக்கு மனிசி இருக்கோ?"

"இருக்கிறா. மொரொக்கோவிலை."

"தன்ரை மனிசன் எங்கை இருக்கிறான் எண்டு அவளுக்குத் தெரியுமோ?"

அம்மா போனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கிறன்."

"தெரியாது. இன்னும் அறிவிக்கேல்லை."

"முதல்லை அவளுக்குச் சொல்லு. இஞ்சை இருக்கிறான், உயிரோடை இருக்கிறான் எண்டு சொல்லு. மற்றதெல்லாம் பிறகு."

சரி அம்மா என்றீர்கள். வைக்கப்போன நேரத்தில் அம்மா இன்னொன்றும் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு வடிவாகக் கேட்டதோ தெரியாது. "சாப்பிட்ட வீடு எண்டு பாக்காதை. உன்ரை அப்பாவைக் காட்டிக் குடுத்தவனும் எங்கடை வீட்டிலை சாப்பிட்டவன்தான்."

அதை அதுவரை நான் அறியவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா எழும்பிக் கையைக் கழுவினார், நெத்தலியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போனார். உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அண்ணா? அந்த ஆளின் முகத்தை நீங்கள் கண்டிருப்பீர்களா? இனி யாரிடம் கேட்பது?

அடுத்த சனிக்கிழமை சுருக்கமாகச் சொன்னீர்கள். ஹசனின் மனைவியோடு அவனைக் கதைக்க வைத்தீர்கள். பிறகு ழெரார் வீட்டுக்குப் போனீர்கள்.

"என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. கதவைத் திறந்தான். கோப்பி குடிக்கிறியோ எண்டு கேட்டான்."

"குடிச்சீங்களோ?"

"குடிச்சனான்."

பெட்டிகள் அவருடைய வைக்கோல் கொட்டிலில் இருந்தன. லூசியின் அடையாளத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார். முந்திய குளிர்காலம் ழெராரின் தேனீக்கள் எல்லாம் நோயில் செத்திருந்தன. ஊரே தேனீயைப் பற்றி யோசனை கேட்டு வருகிற மனிதன், வெறும் பெட்டிகளை வைத்துக்கொண்டு, நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெட்கம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது! களவெடுத்ததை என்னால் ஒருவாறு விளங்கிக்கொள்ள முடிகிறது. இன்னொருவனின் வானைக் கைகாட்டியதைத்தான் முடியவில்லை.

ஹசன் அடுத்த நாளே ஊரைவிட்டுப் போனான். உங்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டான் என்றீர்கள். "அவன் ஏன் நன்றி சொல்லவேணும்?" என்றும் நீங்களே சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதெல்லாம் காலநிலைதான். மழை. பனிமூட்டம். குளிர் கூட இந்த வருசம். வீடியோவில் முகம் கறுத்திருந்தது. நித்திரையில்லையா என்றால், வயது போகுதடி என்றீர்கள். ழெராருக்குச் சிறை இல்லை, நீதிமன்றம் எச்சரித்து விட்டுவிட்டது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "சமைக்கத் தெரியாதோ எனக்கு?" என்று கேட்டீர்கள்.

நடந்ததை எனக்குச் சொன்னது உங்களோடு வேலை செய்த எலோடி. உங்கள் செத்தவீட்டில். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். எலோடி சொன்னாள்: ழெராரைப் பிடித்த பிறகு பாண்கடையில் உங்களுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் உள்ளே போனால் குடிக்கடையில் பேச்சு நின்றது. காரில் யாரோ ஆணியால் கீறினார்கள். எங்கிருந்தோ வந்தவன் எங்கள் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டான் என்பதுதான் ஊரின் பேச்சு. களவு கொடுத்தவரும் அந்த ஊர்க்காரிதான் என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

"வேறு ஊருக்கு மாற்றம் கேள் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன்" என்றாள் எலோடி. "லூசி யாரைக் கூப்பிடுவாள் என்று கேட்டார். அதற்கு மேல் கதைக்க விடவில்லை."

அண்ணா, இதையெல்லாம் நீங்கள் யாரோடும் கதைக்கவில்லையா? அந்தக் குடியிருப்பில் வேலை முடிந்து வந்து கதவைப் பூட்டிய பிறகு என்ன செய்தீர்கள்? தமிழில் ஒரு வார்த்தை பேசக் கிழமைக்கு ஒரு சனிக்கிழமை இருந்தது. அந்தச் சனிக்கிழமையிலும் மழையைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

வசந்தகாலத்தில் ஒரு காலை, வேலியில் மாடு சிக்கிக்கொண்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். கைப்பிறேக்கும் போட்டிருந்ததாம். நெஞ்சு வலித்த நேரத்திலும் வீதியை மறிக்காமல் ஒதுங்கி நின்றிருக்கிறீர்கள். பால் லொறிக்காரன்தான் கண்டான்.

நானும் ஆரணியும் பறந்து வந்தோம். அம்மா வரவில்லை. "முழங்கால் ஏலாது" என்றார். சவப்பெட்டிக்கு மேல் உங்கள் நீலத் தொப்பி இருந்தது. இரண்டு பக்கமும் யூனிபோம் போட்டவர்கள் அசையாமல் நின்றார்கள். எனக்குக் கால் நடுங்கியது, அண்ணா. சின்ன வயதில் வந்த அதே நடுக்கம். ஆரணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முடிவு அங்கேதான் எடுபட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ஊரிலிருந்து அதிகம் பேர் வரவில்லை. லூசி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்தபடி நின்றார். எல்லாம் முடிந்து வெளியில் வந்தபோது மதிலோரம் ஒரு பெரிய உடம்புக்காரர் தனியாக நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எலோடியின் முகம் மாறிவிட்டது. "இவர்தான் ழெரார்" என்றாள்.

அவர் சொன்னதை அவள் எனக்குத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள். "என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சிவா சொன்னான், முதலில் அவளுக்குப் போன் அடி, எங்கே போகிறாய் என்று சொல்லு என்று. எனக்கு வாய் வரவில்லை. கன நேரம் எடுத்தது. அவன் முற்றத்தில் போய் நின்றான். நல்ல மழை. நான் கதைத்து முடிக்குமட்டும் உள்ளே வரவில்லை."

பிறகு அவர் கேட்டார், "உங்கள் அம்மா வரவில்லையா? அவரைப் பற்றிச் சொல்லுவான்" என்று. வரவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அவரை மன்னிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அந்த நேரம் எனக்கு எதற்கும் பெலன் இருக்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். அம்மாவோடு பொலிஸ் பேச்சை எப்படித் தொடங்குவது? ஆரணியின் சேதி வந்ததும் இனி ஒளிக்க இடமில்லை.

வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம், அம்மா பல்கனிக் கதிரையில் இருந்தபடி மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாண்கடை, குடிக்கடை, கீறின கார். அந்த முற்றம், அந்த மழை, ழெராரின் மனைவிக்குப் போன போன். கடைசியில் ஆரணியின் கல்லூரி.

அம்மா செம்பைக் கீழே வைத்தார். எழும்பி அறைக்குள் போனார். கதவு சாத்துப்பட்டது.

நான் அங்கேயே இருந்தேன். கீழே விளையாட்டிடத்தில் பிள்ளைகள் இல்லை, ஊஞ்சல்கள் சும்மா தொங்கின. இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் தேற்றவும் எங்களுக்குச் சத்தில்லாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

மூன்று நாள் அம்மா எங்களோடு பேசவில்லை. சாப்பிட வந்தார், போனார். ஆரணி வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தாள். நேற்று மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உன்னை எங்கை வேலைக்கு விடுவாங்கள்?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் தட்டத்தைப் பார்த்தேன்.

"ரெண்டாம் வருசம் ப்ராக்சிஸ், அம்மம்மா. பயிற்சி. எங்கையும் போடுவினம். வடக்கை ஒரு சின்ன இடமாவும் இருக்கலாம்."

"ஒஸ்லோவிலை கேக்க ஏலாதோ?"

"கேக்கலாம். ஆனா எனக்குச் சின்ன இடம்தான் விருப்பம். மாமா மாதிரி."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

"சின்ன ஊரிலை சனம் முகத்தைத் திருப்பினால் போறதுக்கு வேறை தெரு இல்லைப் பிள்ளை."

"தெரியும் அம்மம்மா."

"உனக்குத் தெரியாது." குரல் உயரவில்லை. "அவனுக்கும் போகேக்கை தெரியாது."

ஆரணி துணிந்து கேட்டாள், "உடுப்பு... நான் இஞ்சை போடக்கூடாதோ?"

"போடு, போடாமல் விடு. நான் தோய்க்கமாட்டன்."

"நான் தோய்ப்பன் அம்மம்மா."

"ம்."

அவ்வளவுதான், அண்ணா. ஆசீர்வாதம் இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. ஆனால் அம்மா எழும்பிப் போகவில்லை. தட்டத்தில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது என் தோளில் கையை ஊன்றி எழும்பினார். ஊன்றின கையை எடுக்காமல் சொன்னார்.

"அவள் எங்கை போனாலும் நீ போய் அவளோடை கொஞ்ச நாள் நில். தனிய விடாதை. தம்பி சரியாத் தனிச்சுப் போனான்."

நீங்கள் போன பிறகு அம்மா உங்களைப் பற்றி வாய் திறந்தது நேற்றுத்தான். இவ்வளவு நாளும் அவர் அந்த அறைக்குள் இருந்து எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அழுதேன். ஆரணி கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் கழுவினாள்.

என் மகள் நல்ல பொலிஸ்காரியாக இருப்பாளா? தெரியாது. நீங்கள் பட்டதை அவளும் படுவாளா? இந்த நாட்டில் பிறந்தவள், மொழி வாய்க்குள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் குறைவாக வலிக்குமோ? அதுவும் தெரியாது. போகாதே என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன. அந்த முற்றத்தில் மழையில் நின்ற ஆளின் மருமகளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அவளை எந்த மூலைக்கு அனுப்பினாலும் நான் போவேன். வேலையில் லீவு கேட்டு, தராவிட்டால் சண்டை பிடித்து, போவேன். அவள் உடுப்புப் போட்டிருக்கிற நேரத்திலேயே அவளுக்குப் பக்கத்தில் அந்த ஊர்த் தெருவில் நடப்பேன், என் கால் நடுங்கினாலும். எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும், அவர்கள் திரும்பிச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நானே முதலில் வணக்கம் சொல்லுவேன். இவள் என்ரை பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, உங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள், இவளுக்கும் ஆள் இருக்கிறது என்று சொல்லுவேன்.

நீங்கள் களைத்துப்போனீர்கள். இனி ஆறியிருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களுக்குப் பின்னால் பிறந்தவள்,
ஆரணியின் அம்மா,
உங்கள் ஒரே தங்கை வதனி